பளபளப்புக்கு அடியில் நம் வரலாறு

பழைய இங்கிலாந்துத் தோல் ஷூக்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் உண்டு. அழுக்கு நீக்கி, க்ரீம் தடவி, அடித்தோல் மாற்றி, உள்ளே மரக்கட்டை செருகிக் காக்கிறார்கள். தைத்த கம்பெனியின் முத்திரையைப் படிக்கிறார்கள். தோலைப் பதனிட்ட கைகளுக்கு முத்திரை ஏது?

சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல், 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரில் (1914-18) ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காக பிரிட்டிஷ் அரசே இதைப் பெருமளவில் வாங்கியது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்களோ ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கி நடக்க வேண்டியிருந்தது. தோலைத் தீட்டு என்ற சாதி, தோல் தந்த லாபத்தைத் தீட்டு என்று ஒதுக்கவில்லை.

ஷூவைப் பாதுகாக்கட்டும், நல்லதுதான். தோல் ஷாப்பில் உழைத்த நம் தாத்தா பாட்டிகளின் நினைவுகளை நாம் பதிவு செய்வோம், தோழர்களே. அதை வேறு யாரும் செய்யப்போவதில்லை.