காரின் கோளாறைப் படிக்கும் கருவி: ஒரு சிறு வரலாறு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகும் சாலைகளில் கரிசலும் கண்மாயும் சீமைக் கருவேலமும்தான் துணை. அந்த வழியில் காரின் டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால், ஓட்டுபவருக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, ஊரிலுள்ள மெக்கானிக்கிடம் போவது. இரண்டு, சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரையில் பெரிய ஒர்க்ஷாப்பில் வண்டியை விடுவது. அங்கே ஸ்கேனரைச் செருகி ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, "சென்சார் போயிடுச்சு, மாத்தணும்" என்றால் அது உண்மையா பொய்யா என்று சொல்ல இவரிடம் எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து வருடப் பழைய காரை நம்பித் தொழில் செய்பவருக்கு அந்த ஒரு வார்த்தை சில ஆயிரங்களைத் தின்றுவிடும்.

இன்று அதே எண்ணைப் படிக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எப்படி இவ்வளவு மலிவானது, எதை நம்பி வாங்கலாம் என்பதற்குப் பதில் அதன் வரலாற்றிலேயே இருக்கிறது.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் ஸ்கேனர் என்றால் மெக்கானிக்கின் காதுதான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி வைத்தே எந்த பேரிங் தட்டுகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஓடும் இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பதும், கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்புவதும் ட்யூனிங். இதற்கெல்லாம் கம்பெனியின் தயவு தேவைப்படவில்லை. எந்தப் புளியமரத்து நிழலிலும் நடக்கும் வேலை அது.

கார்களுக்குள் கம்ப்யூட்டர் பரவக் காரணமானவை அமெரிக்காவின் புகைச் சட்டங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே, 1943ல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. அதற்கு வாகனப் புகையும் முக்கியக் காரணம் என்பதை ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களில் காட்டினார். புகைச் சட்டங்கள் இறுக இறுக, பெட்ரோலை அளந்து கொடுக்கும் வேலை கார்புரேட்டரிடமிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியது. சென்சார் பழுதானால் புகை கூடும், ஆனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆகவே கார் தன்னைத்தானே சோதித்து விளக்கெரிக்க வேண்டும் என்று கலிபோர்னியா 1988ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கியது. இதுதான் ஓபிடி-1.

அதில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், ஒரு பாஷை! அக்காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாக்கெட்டின் இரண்டு முனைகளைப் பேப்பர் கிளிப்பால் இணைத்து, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். (மலிவு ஸ்கேனர்களின் தாத்தா அந்தப் பேப்பர் கிளிப்தான் என்றால் தவறில்லை.) 1996ல் அமெரிக்கா முழுவதும் ஓபிடி-2 கட்டாயமானது. எல்லாக் கார்களுக்கும் ஒரே பதினாறு முனை சாக்கெட், பொதுவான கோளாறு எண்கள் என்று ஆனது. பி0 என்று தொடங்கும் எண்களுக்கு எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் ஒரே பொருள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பி1 என்று தொடங்குபவை அந்தந்தக் கம்பெனியின் சொந்த எண்கள். ஐரோப்பா 2001ல் பெட்ரோல் கார்களுக்கு இதையே கொண்டுவந்தது.

இந்தியாவுக்கு வந்த கதைதான் அருப்புக்கோட்டைக்காரர் கவனிக்க வேண்டியது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ போன்ற கார்களோடு, கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ இன்ஜின்கள் சாதாரணக் குடும்பங்களுக்கும் வரத் தொடங்கின. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, ஆனால் அது பொது மொழியில் பேச வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. 2010 ஏப்ரலில்தான் பிஎஸ்-4 விதியுடன் ஓபிடி-1 வந்தது, அதுவும் முதலில் 13 பெருநகரங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இருந்த ஒரே நகரம் சென்னை! 2013 ஏப்ரலில் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. நாடு முழுவதும் பிஎஸ்-4 என்றானது 2017 ஏப்ரல் 1ல். இதனால் ஒரே வருடத்தில் சென்னையில் விற்ற காரும் தென்மாவட்டத்தில் விற்ற காரும் சட்டப்படி வேறு வேறாக இருக்க வாய்ப்பு உண்டு. பிஎஸ்-3 காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை சாக்கெட் இருக்கலாம். ஆனால் மலிவுக் கருவி கேட்கும் கேள்விக்கு அது பதில் சொல்லும் என்ற உறுதி இல்லை. "வாங்கிய ஸ்கேனர் வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்களில் சிலருக்காவது கோளாறு கருவியில் இருக்காது, காரின் பிறந்த தேதியில் இருக்கும்.

சாக்கெட் பொதுவானாலும் கருவி பொதுவாகவில்லை. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்கு மட்டுமே தருகின்றன என்று 2011ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் போனது. மூன்று நிறுவனங்களில் தொடங்கிய விசாரணை பெருகி, 2014 ஆகஸ்ட் 25ல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வெளி மெக்கானிக்குகளுக்கும் பாகங்களும் கருவிகளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது உத்தரவு. பல நிறுவனங்கள் மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போய்விட்டன. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது அதில் வாகனங்களையும் சேர்த்தது. நியாயம் மெதுவாகத்தான் நகர்கிறது.

அதைவிட வேகமாக நகர்ந்தது ஒரு சிப். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2005ல் இஎல்எம்327 என்ற சிப்பை வெளியிட்டது. காரின் பாஷையைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எளிய எழுத்துகளாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. முதல் பதிப்பில் உள்ளிருந்த நிரலுக்குப் பூட்டுப் போடாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், நகல்கள் பெருகி உலகமெங்கும் பரவின. இன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீல நிற ப்ளூடூத் கருவிகள் அந்த நகல்களின் வம்சமே. அசல் நிறுவனம் 2022ல் மூடப்பட்டது. நகல் மட்டும் வாழ்கிறது! அறத்தின் பார்வையில் வருத்தமான கதைதான், ஆனாலும் கரிசல் காட்டு மெக்கானிக்கின் கைக்கு முதலில் எட்டியது ஆணையத்தின் உத்தரவு அல்ல, இந்த நகல்தான்.

நகல்களில் தரம் ஒரே மாதிரி இருக்காது. சில, நீளமான பதில்களைப் பாதியில் விழுங்கிவிடும். சில, பழைய கார்களின் பாஷையைப் பேசவே பேசாது. ஆகவே வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டை. 2017க்கு முந்தைய வண்டி என்றால் தெரிந்தவரின் கருவியை ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். 2005ல் வந்த முதல் டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் டீசல் பம்ப் இயந்திர முறையில் ஓடுவது, அதற்கு ஸ்கேனர் வீண் செலவு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண ப்ளூடூத் நகல் பெரும்பாலும் ஒத்துவராது, வைஃபை அல்லது பிஎல்இ வகை வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளை இந்த விலையில் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கான கருவிகள் பல ஆயிரம் ரூபாய், அந்த வேலைக்கு மட்டும் மதுரைக்குப் போவதே லாபம்.

எண்ணை மட்டும் காட்டும் கருவியைவிட, ஓடும் இன்ஜினின் அளவுகளையும் காட்டும் கருவியே வீட்டுக்கு உகந்தது. பி0171 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, கலவை மெலிந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஏன் என்பதை அது சொல்லாது. ஆக்சிஜன் சென்சார் ஒரு சந்தேக நபர் மட்டுமே. வெயிலில் வெடித்த ரப்பர் குழாய், தூசி படிந்த காற்றளவு சென்சார், தளர்ந்த பெட்ரோல் பம்ப் எல்லாமே இதே எண்ணைத்தான் கொண்டுவரும். ஃப்யூல் ட்ரிம் என்ற அளவு, இன்ஜின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது அதிகமாகவும், ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 சுற்றில் வைத்தால் குறைந்தும் காட்டினால், பெரும்பாலும் எங்கோ குழாயில் காற்றுக் கசிவு என்று அர்த்தம். மிதிக்க மிதிக்கக் கூடினால் பெட்ரோல் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் சென்சாரை மாற்றினால், புது சென்சாரோடு அதே விளக்கு மறுபடியும் எரியும்.

மானாவாரி நிலத்து வெயிலுக்கும் புழுதிக்கும் ரப்பரும் ஏர் ஃபில்டரும்தான் முதலில் பலியாகின்றன. நிறுத்திய வண்டியில் எலி வயரைக் கடிப்பதும் உண்டு. பேட்டரி இளைத்திருந்தாலே சம்பந்தமில்லாத எண்கள் வந்து நிற்கும். எனவே எண் வந்ததும் குழாய், வயர், பேட்டரி முனை மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். அழிக்கும் பொத்தானை அமுக்குமுன் எண்ணையும், கோளாறு வந்த நேரத்து அளவுகளையும் தாளில் எழுதிக்கொள்வது அவசியம், அழித்தால் இரண்டும் போய்விடும். விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் ஸ்கேனரைத் தேட வேண்டாம், வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். சாக்கெட்டின் பதினாறாவது முனையில் சாவி எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். மறந்து விட்டு நாலைந்து நாள் ஊருக்குப் போய் வந்தால், அடுத்த கோளாறு பேட்டரியில் காத்திருக்கும்.