இருண்ட திரையின் வரலாறு

லினக்ஸ் கணினியைப் புதுப்பித்து மீண்டும் இயக்குங்கால் திரை இருண்டு நிற்றல், அதனைப் பயில்வோர் பலரும் கண்ட இடராகும். பொறி பழுதுற்றதென அஞ்சி, யாவற்றையும் அழித்துப் புதிதாய் நிறுவுவாரும் உளர். மாணவர் சேமித்தனவும் உடன் அழியும். ஆயின், கெர்னல் எனப்படும் கருநிரலுக்கும் கிராபிக்ஸ் அட்டையை ஆளும் டிரைவர் என்னும் இயக்கிக்கும் உள்ள இசைவு கெடுவதாலேயே இவ்விடர் பெரிதும் நேர்கின்றது. அது கெடும் காரணத்தை வரலாற்றிற் காணலாம்.

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கருநிரலை வெளியிட்டார். திரையில் உருவமைக்கும் பணியோ, 1984 இல் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றிய எக்ஸ் சாளர முறைமையின்பாற்பட்டிருந்தது. நெடுங்காலம் எக்ஸ் கருநிரலைக் கடந்து அட்டையை நேரே ஆண்டது. ஒரு வீட்டுக்கு இரு தலைவர் இருந்தாற்போன்ற நிலை அது. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 ஆம் பதிப்பு முதலாக, முதலில் இன்டெல் அட்டைகளுக்கும் பின்னர் ஏனையவற்றுக்கும், திரையமைக்கும் பொறுப்பு கருநிரலிடம் வந்தது. குழப்பம் குறைந்தது, ஆனால் இயக்கி பிழைப்பின் கணினி தொடங்கும்போதே திரை இருளலாயிற்று.

கருநிரலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவது. அதனோடு ஒருங்கே பேணப்படும் இயக்கிகளை, மாற்றஞ் செய்வோரே உடன் திருத்துவர். வெளியே நிற்கும் இயக்கிகளோ பின்தங்கும். என்விடியா நிறுவனம் தன் இயக்கியின் மூலநிரலை நெடுங்காலம் மறைத்தே வழங்கிற்று. ஆர்வலர் சிலர் அவ்வட்டைகளின் நடத்தையை ஆராய்ந்து ஆக்கிய 'நூவோ' என்னும் இயக்கி 2010 இல் கருநிரலிற் சேர்ந்தது. 2006 இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி., மறு ஆண்டே அட்டைகளின் விவரணங்களை வெளியிட முன்வந்தது. என்விடியாவும் 2022 மே மாதத்தில் இயக்கியின் கருநிரற் பகுதியைத் திறந்தளித்தது. எனினும் அப்பகுதி கருநிரலுக்குப் புறத்தே நிற்பதால், பதிப்பு மாறுந்தோறும் மீளக் கட்டப்படல் வேண்டும்.

இவ்வரலாறே இடர்தீர்க்கும் வழியையும் காட்டுகின்றது. தொடக்கப் பட்டியலில் முன்னைய கருநிரலைத் தெரிந்து இயக்குக. திரை மீளுமாயின் பழுது பொறியிலன்று எனத் துணியலாம். மீளாதாயின் 'நோமோட்செட்' என்னும் சொல்லைத் தொடக்கக் கட்டளையிற் சேர்க்க. கருநிரல் திரையமைப்பில் தலையிடாதொழிய, எளிய காட்சியேனும் கிட்டும். பின்னர்க் கருநிரலின் பதிவுகளை வாசித்து, பிழைத்த இயக்கி எதுவென அறிந்து, அதனைப் புதிய கருநிரலுக்கேற்ப மீள நிறுவுக.

திறந்த இயக்கிகளும் பிழைப்பதுண்டு. ஆயினும் அவற்றின் பிழையைக் கண்டவன் திருத்தவும் முடியும். மறைத்த நிரலில் உரியவர் திருத்தும்வரை காத்திருத்தலே கதியாகும். ஆதலின் இருண்ட திரையைக் கண்ட மாணவன் அழிக்க விரையாது, முதலில் வாசிக்கப் பழகுவானாக.