பாட்டைச் சாட்சிக்கு அழைத்தவர்

நமது வட்டத்தின் மாதக் கூட்டங்களில் அடிக்கடி எழுந்து, விடையின்றியே அடங்கிவிடும் வினா ஒன்றுண்டு. சங்கப் பாட்டு வரலாற்றுக்குச் சான்றாகுமா என்பதே அது. புலவன் பொய்யும் புனைவும் கலந்தே பாடுவான் என்பர் ஒரு சாரார். கண்டதையன்றி அவன் வேறெதைப் பாடுவான் என்பர் மறு சாரார். பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று நண்பர்கள் பணித்தபோது, இவ்வழக்கில் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒருவரைப் பற்றி எழுதுவதே தக்கதெனத் தோன்றிற்று. அவர் தொல்லியலறிஞரும் கலை வரலாற்றாசிரியருமான முனைவர் இரா. நாகசாமி.

இவ்வழக்கு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டுத் தொல்லியலே இதிலிருந்துதான் கிளைத்தது எனலாம். ஹோமரின் காவியத்தை நம்பி 1870களில் துருக்கி மண்ணைத் தோண்டிய ஷ்லீமன், உலகம் கட்டுக்கதை என்று ஒதுக்கிய டிராய் நகரை வெளிக்கொணர்ந்தார். ஆனால் அவசரத்தில் ஆழமாக வெட்டி, காவியக் காலத்துக்குரியதாக இன்று கருதப்படும் அடுக்குகளில் பெரும்பகுதியை அவரே அழித்துவிட்டார். பாட்டை நம்பியதால் நகரம் கிடைத்தது. மண்ணின் அடுக்கைப் படிக்காததால் அதில் பாதி தொலைந்தது.

நாகசாமி 1930இல் கொடுமுடியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வடமொழியில் முதுகலைப் பட்டம் பெற்று, சென்னை அருங்காட்சியகத்தில் கலை, தொல்லியல் பிரிவின் காப்பாட்சியராக இருந்தார். 1966இல் தமிழக அரசின் தொல்லியல் துறைக்கு இயக்குநரானபோது அவருக்கு வயது 36. 1988 வரை 22 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். கொற்கை, பாஞ்சாலங்குறிச்சி, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேடு என அகழாய்வுகள் பல அக்காலத்தவை. அவற்றையெல்லாம் விரிக்க இங்கு இடமில்லை. கவிஞர்களாகிய நமக்கு நெருக்கமானவை வேறு சில.

1970களின் தொடக்கத்தில் செங்கம் பகுதியில் ஊர் ஊராகச் சென்று நடுகற்களைத் தேடிப் படியெடுத்தது அவரது துறை. 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுதி 1972இல் வெளிவந்தது. அரசர் வரலாறாகவே இருந்த கல்வெட்டியலுக்குள் அன்றுதான் ஆநிரை மீட்டு மாண்ட சிற்றூர் வீரர்கள் கூட்டமாக நுழைந்தனர். எடுத்தனூர்க் கல்லை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அக்கல். அதில் வீரனுக்கு அருகே ஒரு நாய் நிற்கிறது. தலைவன் வீழ்ந்த பின்னும் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே கூறுகிறது. ஒரு நாயின் பெயரைப் பதினான்கு நூற்றாண்டுகள் காத்துவைத்த மொழி நம்முடையது.

1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் அத்துறையினர் கண்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இதினும் பெரிது. அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பாளியை, அதாவது குகை உறைவிடத்தை, வழங்கிய செய்தி அது. சங்கப் பாட்டில் மட்டுமே வாழ்ந்தவன் தன் பெயரோடு பாறையில் எதிர்ப்பட்டான். அசோகனின் கல்வெட்டில் வரும் 'சதியபுத்திரர்' யாரென்று அறிஞர்கள் நெடுங்காலம் இடர்ப்பட்டிருந்தனர். அதியர் மரபினரே அவர் என்பதற்கும் இக்கல்லே சான்றாயிற்று.

செப்புத் திருமேனிகளின் வரலாறு அவரது மற்றொரு களம். கிரேக்கக் கலை ஆய்வில் ஜான் பீஸ்லி என்ற ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஓர் அருஞ்செயல் புரிந்தார். ஏதென்ஸ் நகரத்துக் கலங்களில் பெரும்பாலானவற்றில் ஓவியன் பெயர் இராது. காதையும் கணுக்காலையும் ஒருவன் வரையும் பாங்கைக் கொண்டே இன்னின்னவை ஒரே கையின் வேலை என்று அவர் பிரித்துக் காட்டினார். நம் சிற்பியரும் பெயர் பொறியாதவர்கள். ஆனால் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், வழங்கப்பட்ட திருமேனிகளின் உயரத்தை முழத்தாலும் விரலாலும் அளந்து, கைகளின் எண்ணிக்கையையும் குறித்துவைத்துள்ளன. நாகசாமி வடிவமைதியோடு கல்வெட்டையும் ஆகமத்தையும் தேவாரத்தையும் உடன்வைத்துப் படிமங்களைப் படித்தார். தென்னிந்தியத் தொன்மைச் செப்புப் படிமங்களைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1983இல் வெளிவந்தது.

அப்படிப்பு இலண்டன் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. சோழநாட்டுப் பத்தூரில் 1976இல் தொழிலாளி ஒருவர் மண் தோண்டுகையில் வெளிப்பட்ட நடராசர், கைமாறிக் கைமாறிக் கடல் கடந்து, 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் இரண்டரை இலட்சம் பவுனுக்கு வாங்கப்பட்டது. இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்ற, வழக்கு எழுந்தது. அந்நடராசர் பத்தூருக்குரியவர்தாம் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதே ஊரில் புதைந்திருந்த பிற படிமங்களோடு ஒப்பிட்டு நாகசாமி சாட்சியம் அளித்தார். படிமத்தின்மேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமுங்கூட வல்லுநர்களால் ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு கோயிலின் பக்கம் கிடைத்தது. 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதிசெய்ய, நடராசர் அவ்வாண்டே தாயகம் திரும்பினார். இடிந்து கிடந்த ஒரு சிற்றூர்க் கோயில் அயல்நாட்டு மன்றத்தில் வழக்காடி வென்றது என்பதைக் கதையாக எழுதினால் நம்மில் எவரும் மிகை என்றே சொல்வோம்.

அவரை முற்றும் போற்றுவதே இக்கட்டுரையின் நோக்கமன்று. பிற்காலத்தில் அவர் தமிழ் மரபின் வேர்களை வேத, வடமொழி மரபில் காண முற்பட்டபோது தமிழறிஞர் பலர் கடுமையாக மறுத்தனர். 2019இல் செம்மொழி விருதுத் தேர்வுக் குழுவில் அவர் பெயர் இடம்பெற்றதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அம்முடிவுகளில் பலவற்றை நானும் ஏற்பவனல்லன். பாட்டைக் கல்லோடு ஒப்பிட்டுப் படிக்கக் கற்பித்தவரே, பாட்டுக்குள் தாம் முன்னரே நம்பியதைத் தேடினாரோ என்ற ஐயம் அந்நூல்களைப் படிக்கையில் எழுகிறது. 2018இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2022 சனவரியில் மறைந்தார்.

செங்கத்துக் கற்களுக்குப் பின்னரும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. வீரனின் பேரும் பெருமையும் பொறித்த கற்களைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. காட்சி, கால்கோள் எனத் தொடங்கி நடுகல் எடுக்கும் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. கையில் கிடைத்த எழுத்துடை நடுகற்களோ கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளுக்கு முற்படவில்லை. இடைப்பட்ட நூற்றாண்டுகள் வெறுமையாகவே இருந்தன. பாட்டின் சாட்சியத்தை ஐயுற்றோர்க்கு அவ்வெற்றிடமே வலுவாயிற்று.

விடை நம் மாவட்டத்தில் கிடந்தது. குரங்கணிச் சரிவில் பிறக்கும் கொட்டகுடியாறும் இறுதியில் சேர்வது வைகையில்தான். அவ்வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அளவினவாக இருக்கலாம் என்றார் பேராசிரியர் கா. இராஜன், சற்றுப் பிற்பட்டவை எனக் கொள்வாரும் உளர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் மாண்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். ஆகோள் என்ற அச்சொல் அதுவரை தொல்காப்பியத்தில் ஓர் இலக்கணக் குறியீடாக நாம் மனப்பாடம் செய்த சொல். ஆடு மாடு மேய்க்கும் ஓர் ஊரில், செத்தவன் ஒருவனுக்காக, உளி கொண்டு அதை வெட்டியிருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரு கூடலூர் உண்டு. அதுதான் இது என்று துணிந்துரைக்க இயலாது; ஆனால் அவ்வழியே பேருந்தில் போகும்போது நினையாமல் இருக்கவும் இயலவில்லை.

வட்டத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்ப் புறங்களில் எண்ணெய் பூசி, சுண்ணாம்படித்து வழிபடும் தனிக்கற்கள் பல உள்ளன. அவற்றின் விளிம்பில் கீறல்போல எழுத்து ஏதேனும் தென்பட்டால், கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டா, சுண்ணாம்பைச் சுரண்டவும் வேண்டா. ஊர்ப் பெரியவரிடம் இசைவு பெற்று, காலைச் சாய்வெயிலில் ஒரு நிழற்படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். படிப்பதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.