பொத்தானுக்குக் காத்திருக்கும் கணினி

கணினித் திரையில் தெரியும் பொத்தானை அழுத்தினால் வேலை நடக்கிறதே, அந்த முறை வந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

முற்காலத்தில் கணினியோடு பேசுவது, பெரட்டில் கிராணியார் பெயர் கூப்பிடுவதைப் போன்றது. கணினி கேட்ட வரிசையில்தான் மனிதர் விடை தரவேண்டும்.

1968 டிசம்பர் 9ஆம் நாள், டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கர், திரையில் இடம் சுட்டும் 'மௌஸ்' கருவியைச் சான் பிரான்சிஸ்கோ நகரில் பலரறியக் காட்டினார். 1973இல் செராக்ஸ் நிறுவனம் ஆல்டோ கணினியை உருவாக்கி, அம்முறையை வளர்த்தது. 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினி அதனைப் பரவலாக்கியது.

இதனால் முறையே மாறிற்று. இப்போது கணினி, கடைக்காரரைப் போல நமக்காகக் காத்திருக்கிறது. நாம் அழுத்தியதும், அது எந்தப் பொத்தான் என்று பார்க்கிறது, அதற்கென எழுதிவைத்த வேலையைச் செய்கிறது, மீண்டும் காத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும், அழுத்திய விசையை விடும்போதுதான் வேலை தொடங்கும். தவறான பொத்தானை அழுத்திவிட்டால், விசையை விடாமலே வெளியே நகர்த்தி, பிறகு விடுங்கள். ஒன்றும் நடக்காது.

ஆகவே பெற்றோர்களே, "அது படித்த பிள்ளைகளுக்கு" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே அழுத்திப் பாருங்கள்.