ஒப்பந்தக்காரர் மனநிறைவு (கட்டுமானத் திட்ட மேலாண்மை)

ஒப்பந்தக்காரர் மனநிறைவு என்பது, எடுத்த வேலையில் தமக்கு நியாயம் நடக்கிறதா என்பதைப் பற்றிக் கட்டுமான ஒப்பந்தக்காரர் கொள்ளும் மதிப்பீடு. லாபமும் இதுவும் ஒன்றல்ல. பில் உரிய நாளில் பாஸாகிறதா, வரைபடம் வேலைக்கு முன்பே கைக்கு வருகிறதா, கூடுதல் வேலைக்கு விலை உடனே முடிவாகிறதா, பில்லிலிருந்து பிடித்துவைக்கப்படும் பிடித்தத் தொகை முழுதாகத் திரும்புகிறதா என்பவற்றைப் பொறுத்தது இது. இவற்றுள் பணமே முதன்மையானது. திட்டத்தின் செயல்திறனைக் காலம், செலவு, தரம் ஆகியவற்றால் அளப்பர். மனநிறைவு குலைந்தால் முதலில் அடிபடுவது காலம்: ஆட்களும் இயந்திரங்களும் பணம் வரும் வேறு தளத்துக்குப் போய்விடுகின்றன.

மனநிறைவுக்கும் செயல்திறனுக்குமான இத்தொடர்பின் வரலாறு பிரிட்டனில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. 1944ஆம் ஆண்டின் சைமன் அறிக்கையும் 1964ஆம் ஆண்டின் பான்வெல் அறிக்கையும், எவரும் கலந்துகொள்ளக்கூடிய திறந்த ஒப்பந்தப்புள்ளி முறையைக் குறைகூறின. அடிமட்ட விலைக்கு வேலை எடுத்தவர், நட்டத்தைக் கூடுதல் தொகைக் கோரிக்கைகளால் ஈடுகட்டப் பார்ப்பார்; துணை ஒப்பந்தக்காரரின் பணத்தை இழுத்தடிப்பார். இரு அறிக்கைகளாலும் நடைமுறை பெரிதாக மாறவில்லை. 1990களின் தொடக்கத்தில் தொழில் மந்தமாகித் தகராறுகள் பெருகிய நிலையில், சர் மைக்கேல் லேதம் கட்டுமானத் தொழில் பற்றி 1993இல் இடைக்கால அறிக்கையும் 1994இல் இறுதி அறிக்கையும் அளித்தார். அவற்றின் விளைவான 1996ஆம் ஆண்டுச் சட்டம் 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தவணைப் பணம், பணம் வராவிட்டால் வேலையை நிறுத்திவைத்தல், 28 நாளில் நடுவர் முடிவு ஆகிய உரிமைகள் ஒப்பந்தக்காரர்களுக்குக் கிடைத்தன. ‘எனக்கு வந்தால்தான் உனக்கு’ என்னும் நிபந்தனை, மேலிருப்பவர் திவாலாகும் நிலை நீங்கலாக, செல்லாததாயிற்று.

ஒப்பந்தக்காரர் மனநிறைவு திட்டத்துக்கு உதவும் என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம். அதன் அப்போதைய உரிமையாளரான பிஏஏ நிறுவனம் இடரைத் தானே ஏற்று, உண்மைச் செலவையும் உறுதி செய்யப்பட்ட லாபத்தையும் ஒப்பந்தக்காரர்களுக்கு அளித்தது. பிழையை ஒப்புக்கொண்டால் நட்டம் வரும் என்ற அச்சம் இல்லாததால், அவர்கள் கூரையின் ஒரு பகுதியை முன்கூட்டியே யார்க்‌ஷயரில் நிறுத்திப் பார்த்தனர். பொருந்தாத இடங்களை அங்கேயே கண்டறிந்து திருத்தினர். சுமார் 430 கோடி பவுண்டு செலவான முனையம், குறித்தபடி 2008 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டது.

ஆனால் பழைய வழக்கம் முற்றிலும் மறையவில்லை: துணை ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் தர 120 நாள் கெடு வைத்திருந்த பிரிட்டனின் கரிலியன் கட்டுமான நிறுவனம் 2018 ஜனவரியில் வீழ்ந்தது. பிடித்தத் தொகை பற்றிய விவாதம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது.