அம்பத்தூர் சிறுதொழில்களும் மின்வழிப் பணமாற்றக் கட்டணமும்

சரக்கு வழங்கியவருக்கு வங்கி மூலம் மின்முறையில் பணம் அனுப்பும்போது, அனுப்புபவரின் கணக்கில் வங்கி பிடித்துக்கொள்ளும் தொகை பணமாற்றக் கட்டணம் எனப்படும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ் ஆகிய வழிகளில் இது வசூலிக்கப்பட்டு வந்துள்ளது. இரண்டரை ரூபாய், ஐந்து ரூபாய் என்று தொடங்கும் சிறிய தொகைதான். ஆனால் பணம் பெறுபவர் ஏற்றுவந்த ஒரு செலவு, பணம் கொடுப்பவர் பக்கம் இடம்மாறிய வரலாறு இதற்குள் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிப் பட்டறைகளை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

பின்னணி

அம்பத்தூரில் டிஐ சைக்கிள் ஆலை 1949இல் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற வாகன உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவானது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் லேத் பட்டறைகள், பிரஸ் ஷாப்புகள், முலாம் பூசும் கூடங்கள் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் பெருகின. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கார் ஆலைகள் வந்தபோது பூந்தமல்லி, திருமழிசைப் பக்கமும் இத்தொழில் பரவியது.

இத்தகைய பட்டறைக்கு வாங்குமிடம் ஒன்றல்ல. வார்ப்புகளுக்குக் கோயம்புத்தூர், பித்தளைப் பாகங்களுக்கு ஜாம்நகர், போல்ட்டு நட்டுகளுக்கு லூதியானா என்று வெளியூர்ச் சரக்கும் வரும். உள்ளூர் இரும்புக் கடை, ஜாப் ஒர்க் செய்து தருபவர், லாரி வாடகை என்று பக்கத்துச் செலவும் இருக்கும். மாதத்தில் ஐம்பது அறுபது பேருக்குப் பணம் போக வேண்டிய பட்டறை மிகப் பெரிய பட்டறை அல்ல.

காசோலைக் காலம்

கையெழுத்திட்ட காசோலையைக் கூரியரில் அனுப்பிவிட்டால் பட்டறைக்காரரின் வேலை முடிந்தது. அதை வசூலுக்குப் போடுவதும், வெளியூர்க் காசோலை என்றால் அதற்கான வசூல் கட்டணத்தைத் தாங்குவதும் சரக்கு கொடுத்தவர் பாடு. அறிமுகமில்லாத வியாபாரி டிமாண்ட் டிராஃப்ட் கேட்டால் மட்டுமே கமிஷன் வாங்குபவர் தலையில் விழும்.

காசோலையில் இன்னொரு சலுகையும் மறைந்திருந்தது. அது கணக்குக்கு வந்து சேரும்வரை பணம் பட்டறைக்காரரிடமே இருக்கும். பெரும்பாலான பட்டறைகள் கேஷ் கிரெடிட் கடனில் ஓடுபவை என்பதால் இந்த நாட்களுக்கு ஒரு மதிப்பு உண்டு. 12 சதவீத வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஏழு நாள் வட்டி சுமார் 230 ரூபாய். காசோலை மெதுவாகப் போனால் அவ்வளவு வட்டி மிச்சம். அது எந்த ரசீதிலும் எழுதப்படாத லாபம்.

மின்முறையின் வருகை

1990களின் பிற்பகுதியில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த மின்வழிப் பணமாற்ற முறை, சென்னை உட்பட 15 மையங்களுக்குள் மட்டுமே இயங்கியது. பெருந்தொகைக்கான ஆர்டிஜிஎஸ் மார்ச் 2004இலும், நாடு முழுவதற்குமான நெஃப்ட் நவம்பர் 2005இலும் தொடங்கின. கட்டணம் தொடக்கத்தில் வங்கிக்கு வங்கி வேறுபட்டது. அக்டோபர் 2008இல் ரிசர்வ் வங்கி இதற்கு உச்சவரம்பு விதித்தது. ஒரு லட்சம் வரையிலான நெஃப்ட் அனுப்புதலுக்கு 5 ரூபாய், அதற்கு மேல் 25 ரூபாய். பணம் பெறுபவரிடம் எதுவும் வாங்கக் கூடாது. அதே உத்தரவில் வெளியூர்க் காசோலை வசூலுக்கும் வரம்பு குறிக்கப்பட்டது: 10,000 ரூபாய் வரை 50, ஒரு லட்சம் வரை 100, அதற்கு மேல் 150 ரூபாய்.

இரண்டையும் அருகருகே வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு பட்டறை மாதம் 60 வெளியூர்ப் பட்டுவாடா செய்கிறது என்று கொள்வோம். அவற்றில் 30 பட்டுவாடா பத்தாயிரத்துக்குள், 24 பட்டுவாடா ஒரு லட்சத்துக்குள், 6 பட்டுவாடா ஒன்று முதல் இரண்டு லட்சத்துக்குள். காசோலையாகப் போயிருந்தால் வசூல் கட்டணம் 1,500 + 2,400 + 900, ஆக 4,800 ரூபாய் வரை. நெஃப்டில் போயிருந்தால் 270 + 150, ஆக 420 ரூபாய் வரை. மொத்தச் செலவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் 4,800 ரூபாயைத் தாங்கியவர்கள் சரக்கு கொடுத்த அறுபது பேர். 420 ரூபாயைத் தாங்குபவர் பட்டறைக்காரர் ஒருவர். நாட்டுக்கு லாபமான மாற்றம் அவருடைய பாஸ்புக்கில் புதிய செலவாகவே தெரிந்தது. அதோடு பொத்தானை அழுத்திய அன்றே கடன் வட்டியும் ஓடத் தொடங்கியது. ஐந்து ரூபாய்க் கட்டணத்தைவிட இந்த வட்டி பல மடங்கு பெரியது என்பது பேச்சில் அதிகம் வருவதில்லை.

காசோலையும் சும்மா இருக்கவில்லை. எந்தக் கிளையிலும் செல்லும் 'அட் பார்' காசோலைகள் பரவின. செப்டம்பர் 2011இல் சென்னையில் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை வந்ததும் வசூல் நாட்கள் சுருங்கின. ஜூலை 2012இல் நெஃப்ட் கட்டணத்தின் கீழ்ப்படி இரண்டானது: பத்தாயிரம் வரை 2.50, ஒரு லட்சம் வரை 5 ரூபாய். ஒன்று முதல் இரண்டு லட்சம் வரை 15, அதற்கு மேல் 25 ரூபாய் என்ற படிகளும் இருந்தன. மேற்சொன்ன பட்டறைக்கு இந்த விகிதத்தில் மாதம் 285 ரூபாய் ஆகும்.

ரொக்கத்துக்குத் திரும்பும் வழியும் அடைபட்டது. வருமான வரிச் சட்டம் 1961இன் 40ஏ(3) பிரிவுப்படி, ஒரே நாளில் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று இருந்தது. 2017-18 நிதியாண்டு முதல் அந்த வரம்பு 10,000 ஆகக் குறைந்தது. வங்கி வழியே கொடுப்பதைச் சட்டம் கட்டாயமாக்கிய பிறகு, அதற்கான கட்டணத்தை விருப்பச் செலவு என்று சொல்வது பொருந்தாது.

2019க்குப் பின்

ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும் வங்கிகளிடம் தான் வாங்கிவந்த கட்டணத்தை ரிசர்வ் வங்கி 1 ஜூலை 2019 முதல் நீக்கியது. அந்தப் பயனை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. பாரத ஸ்டேட் வங்கி இணையம், கைப்பேசி வழி நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் கட்டணங்களை அன்றே நீக்கியது. 1 ஜனவரி 2020 முதல் இணையவழி நெஃப்டுக்குக் கட்டணம் வாங்கவே கூடாது என்று உத்தரவும் வந்தது. ஆனால் அந்த உத்தரவு சேமிப்புக் கணக்குக்கு மட்டும். தொழில் நிறுவனத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதிகளே இடம் தருவதில்லை. ஆகவே மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பும் அதே மனிதருக்கு வீட்டுக் கணக்கில் சலுகை உரிமையாகக் கிடைக்கிறது. பட்டறையின் நடப்புக் கணக்கில் அது வங்கியின் தயவைப் பொறுத்தது. பல வங்கிகள் நடப்புக் கணக்குக்கும் இணையவழியில் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மை. கிளைக்குப் போய்ச் சலான் எழுதிக் கொடுத்தால் கட்டணம் உண்டு. கணினியில் பழகாத பழைய தலைமுறை முதலாளிகளையே இது அதிகம் தொடுகிறது.

2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் வாங்காத யுபிஐயும் இங்கே முழு மாற்று அல்ல. பொதுவான ஒரு லட்சம் ரூபாய் வரம்பு, ஒரு லோடு இரும்புக்கே போதாது.

கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவுபெற்ற பட்டறை, வங்கியில் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். 285 ரூபாய்க்கு மாதம் 51 ரூபாய் 30 காசு. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. கட்டணத்தைச் சரக்குக்காரரின் பில்லில் கழித்து அனுப்பினால் இரண்டு பேரேடுகளும் ஐந்து ரூபாய் வித்தியாசத்தில் நிற்கும். ஆண்டு முடிவில் அதைத் தேடும் கணக்குப்பிள்ளையின் நேரம் கட்டணத்தைவிட விலை கூடியது.

நெஃப்டில் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்துப் பணம் வரவு வைக்கப்படும், பெயரை வங்கி ஒப்பிடாது என்பது நீண்ட காலக் குறையாக இருந்தது. ஓர் இலக்கம் தவறினால் ஜாம்நகருக்குப் போகவேண்டிய தொகை யாரோ ஒருவரிடம் போய்ச் சேரும். அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 1 ஏப்ரல் 2025க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அந்த உத்தரவில் சேர்த்தது.