கைகழுவும் பழக்கம், ஊரகப் பள்ளிகளில் (இந்தியா)

இந்தியக் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடுவதற்கு முன்பும் கழிப்பறை சென்று வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வழக்கமாக்க அரசு, தொண்டு நிறுவனங்கள், சோப்பு நிறுவனங்கள் ஆகியவை மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு. வயிற்றுப்போக்கு, குடற்புழு, சுவாச நோய்கள் ஆகியவற்றைக் குறைப்பதே இவற்றின் நோக்கம்.

பின்னணி: உண்ணுமுன் கையை அலசுவது பழைய வழக்கம். ஒருவர் வீட்டில் சாப்பிடுவதையே தமிழில் 'கை நனைப்பது' என்பர். ஆனால் நனைப்பதற்குத் தண்ணீரே போதுமென்று கருதப்பட்டது. வெளிக்குப் போய் வந்தவர்கள் மண்ணையோ அடுப்புச் சாம்பலையோ தேய்த்துக் கழுவினர். வங்கதேசத்தில் நடந்த ஆய்வொன்றில் மண், சாம்பல், சோப்பு மூன்றுமே கையிலுள்ள கிருமிகளை ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தன. எனினும் மண்ணிலேயே புழு முட்டைகள் இருக்கக்கூடும். சாம்பல் நோயைத் தடுக்கிறதா என்பதிலும் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

பள்ளிகளைப் பொறுத்தவரை, 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் துப்புரவுக்கு இடம் இருந்தது.

மதிய உணவு: பிள்ளைகள் பள்ளியிலேயே கையால் அள்ளி உண்ணத் தொடங்கியதும் கைகழுவுதல் பள்ளியின் பொறுப்பாயிற்று. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவும், 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும் வந்தன. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் சமைத்த உணவு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இதனிடையே 1999இல் தொடங்கிய முழு சுகாதார இயக்கம் பள்ளிகளையும் உள்ளடக்கியது. அதில் கழிப்பறை கட்டுவதே முதன்மை பெற்றது.

சோப்பு நிறுவனங்களின் காலம்: 2002இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் லைஃப்பாய் சோப்பின் பெயரில் எட்டு மாநிலங்களின் கிராமங்களில் 'ஸ்வாஸ்த்ய சேத்னா' இயக்கத்தைத் தொடங்கியது. ஊருக்குள் வரும் குழு முதலில் சென்றது பள்ளிக்கூடத்துக்கே. அங்கு அவர்கள் செய்து காட்டிய ஒரு சோதனை பல அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளது. பிள்ளைகளின் உள்ளங்கையில் ஒருவகை வெண்பொடியைத் தடவுவார்கள். ஒரு பிள்ளை வெறும் தண்ணீரில் கழுவும். இன்னொரு பிள்ளை சோப்புப் போட்டுக் கழுவும். பார்வைக்கு இரு கைகளும் சுத்தமாகவே இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் நீட்டினால், தண்ணீரில் மட்டும் கழுவிய கையின் ரேகைகளிலும் நகக்கண்களிலும் பொடி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு என்ற கருத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் அரிது.

அதே காலத்தில் உலக வங்கி, யூனிசெஃப், சோப்பு நிறுவனங்கள் ஆகியவை கூட்டாக வகுத்த கைகழுவும் திட்டத்துக்குக் கானாவும் கேரளமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. கேரளத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. குழந்தை இறப்பு மிகக் குறைந்த மாநிலத்துக்குச் சுத்தம் கற்பிப்பது அவமதிப்பு என்றும், இது பன்னாட்டு நிறுவனங்களின் சந்தை விரிவாக்கம் என்றும் வந்தனா சிவா உள்ளிட்டோர் வாதிட்டனர். படிப்பறிவு உயர்ந்த இடத்திலும் சோப்பால் கை கழுவுவோர் குறைவு என்பது ஆதரவாளர்களின் வாதம். திட்டம் அங்கே முடங்கியது, கானாவில் தொடர்ந்தது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. 2005இல் வெளியான கராச்சி ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. சோப்பால் கை கழுவிய வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கிருமிநாசினி கலந்த சோப்பு, சாதாரண சோப்பை விடக் கூடுதல் பயன் தரவில்லை.

லட்டு லிங்கம்: ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான 'சூப்பர் அம்மா' ஆய்வு வேறு வழியில் சென்றது. நோய், கிருமி என்ற பேச்சையே அது முன்னிறுத்தவில்லை. தாய்ப்பாசத்தையும் அருவருப்பையும் தொட்டது. இதற்காக ஊர்களில் நடத்திய நாடகத்தில் வரும் லட்டு லிங்கம் கை கழுவாமலே லட்டுப் பிடித்துத் தருவான். பிள்ளைகள் முகம் சுளித்துச் சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள். முக்கிய வேளைகளில் சோப்பால் கை கழுவுவது தொடக்கத்தில் 1 விழுக்காடாக இருந்தது. ஆறு மாதத்தில் 37 விழுக்காடாயிற்று. நாடகம் போகாத ஊர்களில் அது 6 விழுக்காடு.

கருவிகள்: குழாய் இல்லாத பள்ளிகளில் 'டிப்பி டேப்' என்னும் மிதிகட்டைக் குழாய் பரவியது. இதை 1980களில் ஜிம்பாப்வேயில் ஜிம் வாட் என்ற மருத்துவர் சுரைக்குடுக்கையில் உருவாக்கினார் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. இரண்டு கவைக்கொம்புகளை நட்டு, குறுக்கே ஒரு கம்பு வைத்து, அதில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனைத் தொங்கவிடுவர். காய்ச்சிய ஆணியால் கேனில் ஒரு துளை. கேனின் கழுத்திலிருந்து வரும் கயிறு தரையிலுள்ள குச்சியில் கட்டப்பட்டிருக்கும். குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் மெல்லிய தாரையாக விழும். அழுக்குக் கை எதையும் தொட வேண்டியதில்லை. சோப்பும் கயிற்றிலேயே தொங்கும், தொலையாது. வங்கதேசத்தில், ஒன்றரை லிட்டர் தண்ணீரில் சலவைத்தூளைக் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் வைக்கும் மலிவான முறையும் பயன்பட்டது.

அண்மைக்காலம்: அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாளாக 2008 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. 2014இல் அந்நாளில் மத்தியப் பிரதேசத்தில் 12,76,425 பேர் பல இடங்களில் கை கழுவியது கின்னஸ் சாதனையாயிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை கழிப்பறை, குடிநீர், சமையலறை ஆகியவற்றைக் கேட்கிறது. கைகழுவும் இடத்தைக் கேட்கவில்லை. 2014இன் தூய்மைப் பள்ளித் திட்டம் சாப்பாட்டுக்கு முன் கூட்டாகக் கை கழுவுவதைச் சேர்த்தது. உலக அளவில் 2019இல் 43 விழுக்காட்டுப் பள்ளிகளில் தண்ணீரும் சோப்பும் உள்ள கைகழுவும் வசதி இல்லை. கைகழுவுதல் எங்கும் வலியுறுத்தப்பட்ட 2020இலோ கொரோனாவால் பள்ளிகளே மூடப்பட்டன.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அப்பள்ளிகளில் பிள்ளைகள் இப்போது நாளுக்கு இருமுறை சாப்பாட்டு வரிசையில் நிற்கின்றனர்.